வருஷா வருஷம் ஸ்கேன் எதற்கு? (நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது படியுங்கள்)



ஸ்கேன் ரிப்போர்ட்டில் "அட்ரீனலில் சிறு முடிச்சு" என்று ஒரு வரி வந்துவிட்டால் நம் பக்கத்து ஜனங்களுக்கு இரண்டே கதிதான். ஒன்று, அந்த வரியை யாருமே படிப்பதில்லை. அல்லது ஒருத்தர் படித்துவிட்டு, "வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அதோடு ஆயுள் சந்தா ஆரம்பம். இரண்டும் தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதல் நாளே கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கேட்காததால்தான் ஒருத்தர் வியாதியை விட்டுவிடுகிறார், இன்னொருத்தர் பணத்தை விட்டுவிடுகிறார்.

கணக்கு டீச்சருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கடந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் இதே வரியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, "டீச்சர், இது கேன்சரா?" என்று கேட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு விவகாரம் நடந்தது தெரிந்துதான் அனுப்பினார்கள். தவிர, இது பாதி கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம்தான். கீழே வரும்.

முதலில் சுரப்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. பத்தாம் வகுப்பு அறிவியலில் படித்ததுதான். இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் குல்லா வைத்த மாதிரி ஒவ்வொரு அட்ரீனல் சுரப்பி இருக்கும். எடை ஐந்து கிராம் கூடத் தேறாது. ஆனால் அது இல்லாமல் ஆள் பிழைக்க முடியாது. வெளிப்பகுதி கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்று ஹார்மோன்களைச் சுரக்கிறது. உட்பகுதி அட்ரீனலினைச் சுரக்கிறது. உடம்பில் உப்பு எவ்வளவு நிற்க வேண்டும், ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், நாய் துரத்தினால் எப்படி ஓட வேண்டும் எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

இந்தச் சுரப்பியில் வயதாக ஆக முடிச்சு விழுவது சகஜம். தலை நரைப்பது போல என்று சொன்னால் டாக்டர் பிள்ளைகள் கோபிப்பார்கள், ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் ஒரு செ.மீ.க்கு மேல் உள்ள அட்ரீனல் கட்டி தெரிவது நூற்றுக்கு 1 முதல் 7 பேர் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. இளைஞர்களிடம் அபூர்வம், வயதானவர்களிடம் அதிகம். அப்படியானால் எம்.கே.பி. நகரில் எங்கள் தெருவில் மட்டும் அறுபது தாண்டியவர்களை எல்லாம் வரிசையாக ஸ்கேனில் படுக்க வைத்தால் இரண்டு மூன்று பேருக்காவது இருக்கும். தெரியாமலே காய்கறி வாங்கிக்கொண்டு நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

முன்பும் இருந்தது. ஸ்கேன் இல்லாததால் தெரியவில்லை. இப்போது சிறுநீரகக் கல் என்று போனால் ஸ்கேன், வயிற்று வலி என்று போனால் ஸ்கேன், பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் பரிசாகக் கொடுக்கும் மாஸ்டர் செக்கப்பிலும் ஸ்கேன். 2020, 2021இல் கொரோனாவுக்கு நெஞ்சு ஸ்கேன் எடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். 2020 மே மாதத்தில் சென்னையிலேயே ராயபுரம் மண்டலம்தான் முதலிடம். நெஞ்சு ஸ்கேனின் கடைசிப் படங்களில் அட்ரீனலும் வந்துவிடும். நுரையீரலைப் பார்க்கப் போனவர்களுக்கு இந்த வரி இலவசமாகக் கிடைத்தது அப்படித்தான்.

சரி, இரண்டு கேள்விகள். ஒன்று, இது கெட்ட கட்டியா? இரண்டு, இது ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை வாங்காமல் "ஃபாலோ அப்" என்று எழுதுவது, கேள்வித்தாளைத் திருத்தாமலே "அடுத்த வருஷம் வா" என்று பிள்ளையை அனுப்புவது போல.

முதல் கேள்விக்கு விடை ஒரு எண்ணில் இருக்கிறது. அதுதான் என்னைப் போன்றவர்களுக்குப் பிடித்த இடம். சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்பீல்ட் என்ற ஆங்கிலேயர். டாக்டர் இல்லை, எஞ்சினியர். நம் வீட்டு இசைத்தட்டுகளில் பெயர் பார்த்திருப்பீர்களே, இ.எம்.ஐ., அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்குத் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். 1979இல் ஆலன் கார்மாக் என்பவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஸ்கேனில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அடர்த்தி எண் உண்டு. அவர் பெயரால் அதை ஹவுன்ஸ்பீல்ட் அலகு, சுருக்கமாக எச்.யு. என்கிறார்கள். ஆறாம் வகுப்பில் போர்டில் எண்கோடு போட்டேனே, அதேதான். தண்ணீருக்கு 0. காற்றுக்கு −1000. கொழுப்பு சுமார் −100. எலும்பு நூற்றுக்கணக்கில் மேலே.

அட்ரீனலில் வரும் சாதுவான கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் கொழுப்பு நிறைய இருக்கும். அதனால் அவற்றின் எண் கீழே இறங்கிவிடும். ஊசி மருந்து ஏற்றாமல் எடுத்த சாதாரண சி.டி.யில் கட்டி முழுக்க ஒரே சீராக இருந்து, எண் 10 அல்லது அதற்குக் கீழே என்றால் அது கெட்ட கட்டி இல்லை. "அநேகமாக இல்லை" என்று கூடச் சொல்லவில்லை. ஐரோப்பிய என்டோகிரைன் சொசைட்டி 2016இல் வெளியிட்டு, 2023இல் புதுப்பித்த வழிகாட்டுதல் நேராகவே சொல்கிறது: அப்படிப்பட்ட கட்டிக்கு மேற்கொண்டு ஸ்கேனே தேவையில்லை. அடுத்த வருஷமும் வேண்டாம், அதற்கடுத்த வருஷமும் வேண்டாம். 2023இல் இன்னும் ஒரு படி மேலே போய், அளவு எவ்வளவாக இருந்தாலும் என்று சேர்த்துவிட்டார்கள்.

எண் 11 முதல் 20க்குள், அளவு 4 செ.மீ.க்குக் குறைவு, சீரான தோற்றம் என்றால், உடனே வேறு வகை ஸ்கேன் ஒன்று, அல்லது ஒரு வருஷம் கழித்து ஒரு தடவை. அளவு 4 செ.மீ. அல்லது அதற்கு மேலே இருந்து, அதோடு எண் 20க்கு மேலே அல்லது உள்ளே திட்டுத்திட்டாகத் தெரிந்தால், அது அசல் அவசரம். பல துறை டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும், பெரும்பாலும் ஆபரேஷன்தான். நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கும், ஏற்கெனவே வேறு புற்றுநோய் வந்தவர்களுக்கும் இந்தக் கட்டியை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. இவர்களை "ஒண்ணும் இல்லை, போங்க" என்று அனுப்புவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அட்ரீனலிலேயே பிறக்கும் புற்றுநோய் வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்குத்தான் வருகிறது, ஆனால் வந்தால் மோசமானது.

இப்போது என் சண்டை எங்கே என்று சொல்கிறேன். என்னிடம் வந்த மூன்று ரிப்போர்ட்டிலும் அந்த எண் இல்லை! மூன்றுமே கல்லுக்காக எடுத்த, ஊசி மருந்து ஏற்றாத ஸ்கேன். அதாவது எண்ணைப் படிக்க மிகப் பொருத்தமான ஸ்கேன். கம்ப்யூட்டரில் கட்டியின் மேல் ஒரு வட்டம் போட்டால் போதும், எண் தானாக வந்து நிற்கும். அரை நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் "இடது அட்ரீனலில் 16 மி.மீ. முடிச்சு. கிளினிக்கல் கோரிலேஷன் தேவை. ஃபாலோ அப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கிளினிக்கல் கோரிலேஷன்! முப்பத்து நான்கு வருஷம் நானும் ரேங்க் கார்டில் "முயற்சி தேவை" என்று எழுதியவள்தான். எப்போது அப்படி எழுதுவோம் என்று எனக்குத் தெரியும்.

என் பழைய மாணவர் ஒருவர், எண்ணூர்ப் பக்கம் வெல்டிங் வேலை பார்ப்பவர், ஐந்து வருஷத்து ரிப்போர்ட்டையும் பையில் போட்டு எடுத்து வந்தார். மூன்று வெவ்வேறு ஸ்கேன் சென்டர். அளவுகள் வரிசையாக: 16, 17, 15, 17, 16. நான்காவது ரிப்போர்ட் வந்த அன்று "ரெண்டு மில்லி வளர்ந்திருச்சு டீச்சர்" என்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம். ஐந்து எண்களையும் வரிசையாகப் பார்த்தால் உங்களில் கணக்கில் முப்பத்தைந்து வாங்கியவருக்கும் தெரியும், கட்டி வளரவில்லை. அளந்த கை மாறியிருக்கிறது. மூச்சை இழுத்துப் பிடித்ததில் வித்தியாசம், எந்தப் படத்தில் அளந்தார்கள் என்பதில் வித்தியாசம். இதனால்தான் வழிகாட்டுதலில், பெரிய விட்டம் 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்க வேண்டும், அதோடு குறைந்தது 5 மி.மீ.யாவது கூடியிருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் வளர்ச்சி என்று வைத்திருக்கிறார்கள்.

பழைய சி.டி. தட்டைக் கொண்டுபோய் வேறொரு ரேடியாலஜிஸ்ட்டிடம் கேட்டதில், முதல் வருஷத்து ஸ்கேனிலேயே எண் 4 என்று இருந்தது. அன்றைக்கே முடிந்துபோன விஷயம். மீதி நான்கு ஸ்கேன், நான்கு நாள் கூலி, நான்கு தடவை வீட்டில் அடுப்பு பற்ற வைக்காத ராத்திரி, இதெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது? வயிற்று சி.டி. ஒன்றில் வாங்கும் கதிர்வீச்சு, இயற்கையில் நாம் இரண்டு மூன்று வருஷத்தில் வாங்குவதற்குச் சமம். தேவைப்பட்டால் தாராளமாக எடுக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. தேவையில்லாததற்கு எதற்கு?

இந்த "வருஷா வருஷம்" எங்கிருந்து வந்தது என்றால், அதற்கும் ஒரு காலம் இருந்தது. 2009இல் அமெரிக்க என்டோகிரைன் நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், முதல் இரண்டு வருஷத்தில் திரும்பத் திரும்ப ஸ்கேன், ஐந்து வருஷத்துக்கு ஆண்டுதோறும் ஹார்மோன் பரிசோதனை என்று இருந்தது. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து எச்சரிக்கையாகச் சொன்னார்கள், குற்றம் சொல்ல மாட்டேன். பிறகு கணக்கு வந்தது. 2019இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் 32 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள், நாலாயிரத்துக்கு மேல் நோயாளிகள். நான்கு வருஷத்துக்கு மேல் கவனித்ததில் கட்டிகள் சராசரியாக வளர்ந்தது 2 மி.மீ. ஒரு செ.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தது நூற்றுக்கு 2.5 பேருக்கு. சாதுவான கட்டி என்று ஆரம்பத்தில் முடிவு செய்யப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அது அட்ரீனல் புற்றுநோயாக மாறியது தெரியுமா? பூஜ்யம். இது வந்து இத்தனை வருஷம் ஆகியும் ரிப்போர்ட்டின் கடைசி வரி மட்டும் மாறாமல் இருக்கிறது என்றால், யாரோ பழைய ஃபைலில் இருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இனி இரண்டாவது கேள்வி. என்னை உண்மையில் கோபப்பட வைப்பது இதுதான்.

என் நாத்தனாருக்கு அறுபத்து நான்கு வயது. பல வருஷமாக பி.பி. மாத்திரை ஒன்றில் ஆரம்பித்து நான்காகிவிட்டது. நான்கு போட்டும் நூற்று அறுபதுக்குக் கீழே இறங்காது. ராத்திரியில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும், மாடிப்படி ஏறினால் கால் துவளும். "வயசாச்சுல்ல" என்றார்கள், "உப்பைக் குறைங்க" என்றார்கள். உப்பே இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷியிடம்! இதற்கு நடுவில் ஒரு ஸ்கேன், அதில் இதே வரி. மூன்று வருஷம் ஒழுங்காகப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் "வளரலை, நல்லாயிருக்கு" என்ற பதில். கட்டி நல்லாத்தான் இருந்தது. ஆளைத்தான் யாரும் பார்க்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை, கமெண்டில் கேட்காதீர்கள். ஒரு ஆஸ்பத்திரியின் குறையாக இதை நான் நினைக்கவில்லை.

கடைசியில் ஒரு டாக்டர், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவாக இருப்பதைக் கவனித்து, ஆல்டோஸ்டிரோன், ரெனின் என்ற இரண்டையும் பார்க்கச் சொன்னார். காலையில் ஒரே ஊசி, ஒரே ரத்தம். ஆல்டோஸ்டிரோன் எகிறிக் கிடந்தது. இந்த வியாதியை 1955இல் ஜெரோம் கான் என்ற அமெரிக்க டாக்டர் விளக்கினார், அவர் பெயரிலேயே கான் நோய் என்று சொல்வார்கள். சுரப்பி கட்டுப்பாடில்லாமல் ஆல்டோஸ்டிரோனைச் சுரந்து உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பி.பி. ஏறும், கால் இழுக்கும். ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் கோளாறு என்று உறுதியானால் ஆபரேஷன் செய்யலாம். எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய ஸ்கேன் படத்தை மட்டும் நம்பக் கூடாது, சுரப்பியின் ரத்தக் குழாயிலிருந்தே ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றால் அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. நாத்தனார் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். நான்கு மாத்திரை இரண்டாகிவிட்டது, பி.பி. நூற்று முப்பதில் நிற்கிறது, கால் இழுப்பது நின்றுவிட்டது. மூன்று ஸ்கேனுக்குக் கொடுத்த காசில் இந்த ரத்தப் பரிசோதனையை எத்தனை தடவை செய்திருக்கலாம்! அந்த மூன்று வருஷம் அவர் இதயமும் சிறுநீரகமும் தாங்கிய அழுத்தத்துக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

பி.பி. உள்ளவருக்கு அட்ரீனல் கட்டி இருந்தால் இந்தச் சோதனை கட்டாயம் என்பது புதிய விஷயமே இல்லை. 2025இல் அமெரிக்காவின் என்டோகிரைன் சொசைட்டி, கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயர் ரத்த அழுத்தம் உள்ள எல்லோருக்குமே பார்ப்பது நல்லது என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு தேடி வந்து பி.பி. மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், எங்கள் தெருவில் பல பேருக்கு அதனால்தான் மாத்திரை நிற்காமல் போகிறது. ஆனால் எத்தனை மாத்திரை கொடுத்தும் இறங்காதவர்களை எடுத்து இந்த ஒரு சோதனைக்கு அனுப்பினால் அந்தத் திட்டத்துக்கு இன்னும் அர்த்தம் இருக்கும்.

அடுத்தது கார்டிசால். இந்தச் சோதனை எல்லா அட்ரீனல் கட்டிக்கும் உண்டு, பி.பி. இருந்தாலும் இல்லாவிட்டாலும். ராத்திரி பதினோரு மணிக்கு டெக்சாமெத்தசோன் ஒரு மில்லிகிராம், அதாவது அரை மில்லிகிராம் மாத்திரை இரண்டு. மறுநாள் காலை எட்டு மணிக்கு ரத்தம். ஆரோக்கியமான சுரப்பி இந்த மாத்திரையைக் கண்டதும் அடங்கி, கார்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் போகாது. கட்டி தன் இஷ்டத்துக்குச் சுரந்தால் அடங்காது. நம் மெடிக்கல் ஷாப்பில் இதைவிடச் சல்லிசான மாத்திரை கிடையாது. (அதற்காக நீங்களாகவே வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும்.)

இதில் நம் பக்கத்துச் சிக்கல்கள் இரண்டு. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு இந்த மாத்திரை உடம்பில் சீக்கிரம் கரைந்துபோய், இல்லாத வியாதி இருப்பது போலக் காட்டும். மூட்டு வலிக்கு யாரோ கொடுக்கும் பொடியும், பொட்டலமும், ஊசியும் சாப்பிடுபவர்கள் உண்டு. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முடிவு தலைகீழாகக் குழம்பும். இரண்டையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஹார்பரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் அதையும் சொல்லுங்கள். கார்டிசால் தூக்கத்தைப் பார்த்து ஏறி இறங்கும் ஹார்மோன்.

கார்டிசால் கொஞ்சமாகக் கூடியிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. முகம் வீங்காது, உடம்பில் கோடு விழாது. ஆனால் அவர்களுக்கு பி.பி.யும் சர்க்கரையும் அதிகம் வருகிறது, முதுகெலும்பில் சத்தமில்லாமல் முறிவு வருகிறது. 2022இல் 16 நாடுகளில் 3656 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இப்படிக் கூடியவர்களிடம் இறப்பும் அதிகம் என்று தெரிந்தது. இவர்களுக்குத்தான் நீண்ட காலக் கண்காணிப்பு தேவை. எதைக் கண்காணிக்க? வருஷம் ஒரு தடவை பி.பி., சுகர், எடை, எலும்பு. இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம், அதனாலோ என்னவோ யாரும் பேக்கேஜ் போட்டு விற்பதில்லை. ஆரம்பத்திலேயே ஹார்மோன் எல்லாம் சரியாக இருந்தவர்களுக்கு, புதிதாக எந்தத் தொந்தரவும் வராதவரை அந்தச் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது, அட்ரீனலின் சுரக்கும் கட்டி. ஃபியோகுரோமோசைட்டோமா என்று பெயர். திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு. சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, வேறு ஏதோ ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது பி.பி. எங்கேயோ போய்விடும். அதனால் மெட்டாநெஃப்ரின் என்ற சோதனை செய்யாமல் அட்ரீனல் கட்டியில் கத்தியோ பயாப்சி ஊசியோ வைக்கக் கூடாது. விலை கூடிய சோதனைதான். ஆனால் பாருங்கள், எச்.யு. எண் 10க்குள் இருந்தால் இதுவும் தேவையில்லை. ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்ட அந்த ஒற்றை எண் எவ்வளவு செலவை மிச்சப்படுத்துகிறது!

எதிர்ப்பு வரும் என்று தெரியும். டாக்டரான என் மாணவி ஒருத்தி போனிலேயே ஆரம்பித்துவிட்டாள். "டீச்சர், ஸ்கேன் வேண்டாம்னு சொல்லி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கேஸ் போடுவாங்க. யார் பொறுப்பு?" நியாயமான பயம். 1995இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் மருத்துவ சேவையையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு அந்தப் பயம் வந்தது, எனக்குப் புரிகிறது. ஆனால் அவளிடம் நான் கேட்டது இதுதான். எண்ணை எழுதி, மூன்று சோதனையின் முடிவை எழுதி, "இன்ன வழிகாட்டுதல்படி மேற்கொண்டு ஸ்கேன் தேவையில்லை" என்று எழுதிக் கொடுத்தால் கோர்ட்டில் உனக்குப் பாதுகாப்பா, இல்லை எதுவுமே பார்க்காமல் "ஃபாலோ அப்" என்று எழுதினால் பாதுகாப்பா? என் நாத்தனார் கேஸ் போடுவதாக இருந்தால் எந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போவார்? அவள் சிரித்துவிட்டாள். பதில் சொல்லவில்லை.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு, நமக்கு ஒத்து வராது" என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. நம் ஊரில் டி.பி. உண்டு. டி.பி. அட்ரீனலையும் தாக்கும். 1855இல் தாமஸ் அடிசன் இந்தச் சுரப்பி கெட்டுப்போனால் வரும் நோயை முதன்முதலில் எழுதியபோதே அவர் பார்த்தவர்களில் பலருக்கு டி.பி.தான். அப்படித் தாக்கினால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வீங்கும். ஆள் இளைப்பார், தோல் கறுக்கும், பி.பி. இறங்கும், சோர்ந்து சோர்ந்து விழுவார். இரண்டு பக்கமும் கட்டி என்று ரிப்போர்ட் வந்தால் இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். ஆனால் இது முதல் நாளே ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்பதற்கான காரணம். பார்க்காமல் வருஷா வருஷம் படம் எடுப்பதற்குக் காரணமாகாது.

மூன்றாவது, நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருப்பது. கொடுங்கையூர்க் குப்பை மேட்டுப் புகையாலும் மணலி, எண்ணூர்க் காற்றாலும்தான் இந்தக் கட்டி வருகிறது என்று. அந்தப் புகையோடு எனக்கு இருக்கும் சண்டை உங்கள் யாருக்கும் குறைந்தது இல்லை. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், அதே மாதம் அமோனியா கசிந்து ராத்திரியில் ஜனங்கள் ஓடியபோதும் நான் என்ன எழுதினேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் இந்த முடிச்சு நல்ல காற்றுள்ள நாடுகளிலும் வயதானவர்களிடம் இப்படியேதான் கிடைக்கிறது. மூச்சிரைப்புக்கும் இருமலுக்கும் அந்தப் புகையிடம் நாம் கணக்குக் கேட்க வேண்டும். ஆதாரம் இல்லாததையும் சேர்த்துக் கேட்டால், ஆதாரம் உள்ளதையும் கேட்க மாட்டார்கள்.

உங்களில் நாலைந்து பேர் ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருக்கிறீர்கள். இரண்டு பேர் ரிப்போர்ட் டைப் செய்கிறீர்கள், ஒருவர் சொந்தமாக லேப் வைத்திருக்கிறார். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அட்ரீனல் முடிச்சு என்று வரும் ரிப்போர்ட்டில் எச்.யு. எண்ணுக்கு ஒரு கட்டம் போட்டுவிடுங்கள், காலியாக இருந்தால் ரேடியாலஜிஸ்ட்டிடம் "சார், இது விட்டுப்போச்சு" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பல பேர் நேரமில்லாமல் விடுகிறார்களே தவிர, தெரியாமல் இல்லை.

மற்றவர்களுக்கு. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டாம், நான் டாக்டர் இல்லை. பழைய ரிப்போர்ட்டையும் சி.டி. தட்டையும் தூக்கிப் போடாதீர்கள். புது ஸ்கேன் எடுக்கச் சொன்னால், "பழைய ஸ்கேனில் எச்.யு. எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியுமா, ஹார்மோன் சோதனை செய்துவிட்டோமா" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வெளியே செலவு செய்ய முடியாதவர்கள் ஸ்டான்லியில் பொது மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் என்டோகிரைனாலஜிக்கும் என்டோகிரைன் அறுவை சிகிச்சைக்கும் தனித்தனித் துறையே இருக்கிறது. கார்டிசால் ரத்தம் காலை எட்டு மணிக்கு எடுக்க வேண்டும் என்பதால் நேரத்தோடு கிளம்புங்கள். வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறினால் அடுத்தது பேசின் பிரிட்ஜ், அதற்கடுத்தது சென்ட்ரல். ரோட்டைக் கடந்தால் ஆஸ்பத்திரி. பழைய தட்டை மறக்காமல் பையில் வையுங்கள்.